அக்கா தாவணியில் ஒரு நாள்

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சரை உபரி என்று சொல்லி வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். பேத்தி வந்து சொன்னாள். அறிவியல் எடுக்கிற சாரே இப்போது கணக்கும் எடுக்கிறாராம். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். பள்ளிக்கூடப் பேச்சு வந்தால் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் உபரி என்ற சொல் எனக்குப் பழக்கமான சொல். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் ஒரு நாள் நான் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தேன்.

அப்போது நான் ஐந்தில், அக்கா பத்தில். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரே காம்பவுண்டுக்குள் சின்னப் பள்ளியும் பெரிய பள்ளியும். பெரிய பள்ளியில் பெண் வாத்தியார் ஒரே ஒருவர்தான். வெள்ளைச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. வயசுக்கு வந்த பெண்களை வீட்டுக்காரர்கள் படிக்க விட்டதே அவரை நம்பித்தான். அப்பாவும் அக்காவிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: "டீச்சரம்மா இருக்கிற வரைக்கும் போ. அவுக போயிட்டா நீயும் பட்டாசுக் கம்பெனி வண்டியில ஏறிர வேண்டியதுதேன்."

பிள்ளைகள் குறைந்தால் வாத்தியாரும் குறைவார் என்பது அந்தக் காலத்திலும் உள்ளதுதான். தலைகளை எண்ண அதிகாரி வருவார். அந்த வருஷம் அவர் வந்தது தீபாவளி சீசனில். எங்கள் பக்கத்தில் அந்த நேரம் பள்ளியில் எண்ணுவதற்குத் தலையே இருக்காது. விடியுமுன் கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடிக்கும். படிக்கிற பிள்ளைகளும் அம்மாக்களோடு ஏறிவிடுவார்கள். தீபாவளி கழிந்தால் திரும்பிவிடுவார்கள். ஊருக்கே தெரிந்த இந்தச் சங்கதி எண்ணச் சொல்கிற ஆபீசுக்கு மட்டும் தெரியாது.

அக்காவும் மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் ஒட்டப் போய்க்கொண்டிருந்தாள். மறுநாள் அதிகாரி வருகிறார், தலை குறைந்தால் டீச்சர்தான் போகவேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டு, கம்பெனியில் ஒரு நாள் லீவு கெஞ்சினாள். லாரி நிற்கிறது, லோடு ஏறாமல் ஒருத்திக்கும் லீவு இல்லை என்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏ புள்ள, நாளைக்கு நீதான் நான்."

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"பேரு கூப்பிட்டா கையத் தூக்கு, போதும். நீ வாயத் தொறந்தாத்தான அதிசயம்!"

அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஆளு இம்புட்டு, தாவணி அம்புட்டு. நடந்து போறது தாவணியா புள்ளையான்னு ஊரு கேக்கப் போகுது." ஆனாலும் காலையில் வண்டி வருமுன் அவள்தான் தாவணியை மடித்து மடித்துச் செருகி, ஊக்குகள் குத்திவிட்டுப் போனாள்.

பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தால், பாதிப் பேர் எங்கள் சின்னப் பள்ளிப் பிள்ளைகள். ஒவ்வொருத்தியும் அக்கா தாவணியில். இந்த யோசனை தனக்கு மட்டும்தான் தோன்றியது என்று ஒவ்வொரு அக்காவும் நினைத்திருக்கிறாள். முன் பெஞ்சில் நாலாம் வகுப்புக்காரி ஒருத்தி தாவணித் தலைப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஒருத்திக்கும் கால் தரையில் எட்டவில்லை.

டீச்சர் உள்ளே வந்தார். எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார். எழுந்து போகச் சொல்வதற்குள் ஹெட்மாஸ்டரோடு அதிகாரி வந்துவிட்டார். பேர் வாசித்தார்கள். அக்கா பேருக்கு நான் கை தூக்கினேன். அதிகாரி என்முன் வந்து நின்றார்.

"நீ பத்தாம் வகுப்பா தாயி?"

டீச்சர் பொய் பேசாதவர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்ததும், அக்கா கம்பெனி வண்டியில் ஏறிப்போவதுதான் எனக்குத் தெரிந்தது. எழுந்தேன். எழுந்த வேகத்தில் ஊக்கு தெறித்துத் தாவணி நழுவியது. அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த பெரிய படிப்பைச் சொன்னேன்.

"ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு…"

எங்கள் சின்னப் பள்ளியில் ஒருத்தி வாய்ப்பாடு ஆரம்பித்தால் மற்றவர்கள் சும்மா இருக்கக் கூடாது. பழக்கதோஷம். "மூவேழு இருபத்தொண்ணு" என்று அத்தனை தாவணிகளும் ஆடிக்கொண்டே சேர்ந்து பாடின. ஹெட்மாஸ்டர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

முடிகிற வரைக்கும் அதிகாரி அசையவில்லை. பிறகு மூடி கழற்றிய பேனாவைத் திரும்ப மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "வாய்ப்பாடு சுத்தமா இருக்கு சார்," என்றார் ஹெட்மாஸ்டரிடம். "இன்னைக்கு எண்ண வேணாம். தீபாவளி கழிச்சு வந்து எண்ணிக்கிடுதேன்."

எங்கள் பாட்டு பிடித்துப்போய், மறுபடி கேட்கத்தான் வரப்போகிறார் என்று நான் வீட்டில் சொன்னேன். அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

சொன்னபடியே வந்தார். டீச்சர் தங்கினார். அக்கா பத்து முடித்து, பிறகு நர்சம்மா ஆகி, என் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்கவைத்தாள். அடுத்த வருஷம் வந்தவர் வேறொருவர், சீசனிலேயே எண்ணினார். டீச்சர் உபரியானார், ஆறில் இருந்த நான் கம்பெனி வண்டியில் ஏறினேன். அதைப் பற்றி எனக்குப் பெரிய மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. என் மனத்தாங்கல் எல்லாம் தீபாவளி கழித்து அந்த முதல் அதிகாரி வந்த நாளில்தான்.

அன்று வகுப்பு நிறைந்திருந்ததாம். எல்லாம் நிஜமான அக்காக்கள். பேர் வாசிக்கும்போது எங்கள் அக்காமுன் நின்று, "ஒரு மாசத்துல எம்புட்டு வளந்துட்ட தாயி! தீபாவளிப் பலகாரம் அம்புட்டும் நீதான் தின்னயா?" என்றாராம். டீச்சர்கூட வாய்விட்டுச் சிரித்தாராம்.

சாயங்காலம் அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாய்ப்பாடு சொன்னவள் நான். அந்த மனுஷர் அவளைப் போய் நானென்று நினைத்துவிட்டாரே!

"அம்புட்டுப் படிச்சவுகளுக்கு ஆளு அடையாளம் தெரியாதாக்கா?" என்று கேட்டேன்.