நூல் குடோனில் ஓர் ஏரி

முதலில் நூலைத் தேர்ந்தெடுப்பார். கோனில் சுற்றியிருக்கும் புது நூல் உதவாது. முறுக்கு அதிகம், விறைத்து நிற்கும். மெஷினுக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் பஞ்சிலிருந்து விரல் நீளத்துக்கு ஓர் இழையை இழுத்தெடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தொங்கவிட்டு, உதட்டுக்கு நேராகப் பிடிப்பார். "பேப்பர்." இழை அசையாது. "பேப்பர்." மீசை அசையும், இழை அசையாது. மூன்றாம் முறை உதடுகளை இறுக மூடி, காற்றை உள்ளே சேர்த்துவைத்து, பட்டென்று திறப்பார். இழை எழுந்து பறந்து, திரும்பி வந்து தொங்கும். அப்போது அவர் முகத்தைப் பார்த்தால் நாற்பத்து மூன்று வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மகுடேஸ்வரன், வீரபாண்டியில் நான் வேலை பார்க்கும் நிட்டிங் கம்பெனியில் மாஸ்டர். வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பனியன் துணியைக் குழாய்போல இறக்கும் ஆறு மெஷின்கள் அவர் பொறுப்பு. கண்ணைவிடக் காதைத்தான் நம்புவார். எதிரே டீக்கடையில் நின்றபடியே, "மூணாம் நம்பர்ல ஊசி ஒடஞ்சிருச்சுங்க" என்று பாதி டீயை வைத்துவிட்டு உள்ளே ஓடுவார். ஊசி உடைந்துதான் இருக்கும்.

"மாஸ்டருக்கு மிசினு பேசுறதெல்லாம் கேக்கும். மனுசி பேசுனா மட்டும் காது அடச்சுக்கிரும்" என்பார் சின்னத்தாய். விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து பத்து வருடமாக எங்கள் கம்பெனியில் பஞ்சு கூட்டுகிறவர். மாஸ்டரிடம் இப்படிப் பேச அவருக்கு மட்டும்தான் உரிமை.

மாஸ்டருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பல்லடத்துக்குப் பக்கத்தில் வீடும் மழையை நம்பிய மூன்று ஏக்கர் மேட்டுக்காடும் உண்டு, அம்மா இருக்கிறார். பெண் பார்க்கப் போன கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். "பதினாலு ஊட்டுல கேசரி தின்னாச்சுங்க கண்ணு. எந்த ஊருங்க, எந்தக் கூட்டமுங்க, எத்தன ஏக்கராங்க, வயசென்னங்க. நாலாவது கேள்விக்குப் பதில் சொன்னா, தட்டுல மிச்சமிருக்கற கேசரியையும் எடுத்துட்டுப் போயிருவாங்க." குலப்பிரிவைத்தான் கூட்டம் என்பார்கள், ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுப்பதில்லை. ஆகவே எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வியைத் தாண்டாமல் யாரும் யாரோடும் நெடுநேரம் பேசிவிட முடியாது.

சென்ற வருடம் வெளிநாட்டு மெஷின் ஒன்று வந்தது. கோளாறு என்றால் அந்த ஊர் இன்ஜினியரிடம் போனில் பேச வேண்டும். மாஸ்டருக்குக் கோளாறு தெரியும். அவர் சொல்லும் இங்கிலீஷ் அந்த ஆளுக்குப் புரியவில்லை. ஒரே சொல்லை ஏழு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, வேர்த்துப்போய்ப் போனை என்னிடம் நீட்டினார். அன்று மாலை அவருடைய போனில் நான் இங்கிலீஷ் பேசிப் பழகும் ஓர் ஆன்லைன் உலகத்தை இறக்கிக் கொடுத்தேன்.

அது ஒரு தீவு. நடுவில் ஏரி, கரையில் மரப்படிகள், எப்போதும் சாயங்கால வெளிச்சம். எங்கெங்கோ இருக்கிறவர்கள் பொம்மை உருவெடுத்து அங்கே வட்டமாக நின்று இங்கிலீஷ் உச்சரிப்புப் பழகுகிறார்கள். ஒருவர் ஒரு சொல்லைச் சொன்னால் மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். கிட்டே போனால் குரல் பெரிதாகக் கேட்கும், விலகினால் தேயும். தாய்மொழி பேசக்கூடாது, ஊர் கேட்கக்கூடாது என்பது விதி. அந்த விதியைப் படித்துச் சொன்னபோது மாஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நெசமாவே கேக்க மாட்டாங்களா?"

மதியம் ஒரு மணிக்குச் சோற்று டப்பாவோடு நூல் குடோனுக்குப் போய்விடுவார். நான்கு புறமும் கூரை வரை நூல் மூட்டைகள். மெஷின் சத்தத்தை அவை குடித்துவிடும். அங்கே பேசினால் நம் குரல் நமக்கே புதிதாகக் கேட்கும். மூட்டை மேல் போனைச் சாய்த்து வைத்து, காதில் இயர்போனை மாட்டி, ஏரிக்கரையில் போய் நிற்பார். அங்கேயும் வெள்ளைச் சட்டைதான். எல்லா வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' சேர்ப்பார். "எஸ்ஸுங்க", "குட் ஆப்டர்நூனுங்க." அதை உதிர்க்கத்தான் மூன்று மாதம் பாடுபட்டார்.

அங்கேதான் ரெயின் இருந்தாள். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட பொம்மை. 'பேப்பர்' என்னும்போது உதட்டிலிருந்து காற்று வெடிக்கிறதா என்று பார்க்கும் பயிற்சிக்கு மற்றவர்கள் காகிதத்தையும் மெழுகுவர்த்தியையும் சொல்ல, நூல் இழையைப் பிடித்துப் பார்க்கச் சொன்னது அவள்தான். அவளுக்கு 'ஜூ', 'ஜீரோ' என்பவை தகராறு. தொண்டையில் வண்டு முரல்வதுபோல் அதிர வேண்டும், அது வரவில்லை. "மெஷின்… லைக் மெஷின் ரன்னிங்" என்று மாஸ்டர் சொல்லிக் கொடுத்தார். வந்துவிட்டது. அதிலிருந்து இருவரும் ஜோடியாகவே பழகினார்கள். சில நாள் ஒரு பக்க இயர்போனை எனக்குத் தருவார். மெல்லிய குரல். குரலுக்குப் பின்னால் விடாமல் ஓர் இரைச்சல். பெயருக்குப் பொருத்தமாக அவள் ஊரில் மழை பெய்துகொண்டே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் நான் வாசித்துக்கொண்டிருந்த கவிதைகள் அப்படி.

அவளிடம் ஒரு பழக்கம். பேச்சின் நடுவே, "ஒன் மினிட், ப்ளீஸ்" என்று போய்விடுவாள். மழைக்கோட்டு அசையாமல் நிற்கும். மற்றவர்கள் சலித்து வேறு ஜோடி தேடிக்கொள்வார்கள். மாஸ்டர் நகர மாட்டார். அவருடைய வெள்ளைச் சட்டை இரண்டு கை தூரம் தள்ளி நிற்கும். அதற்குமேல் கிட்டே போனதில்லை. மூட்டை மேல் நான்கு விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருப்பவர், அவள் போனதும் சுண்டுவிரலை மட்டும் தூக்கிக்கொள்வார். மூன்று விரல்கள் தட்டிக்கொண்டே இருக்கும். சற்று நேரத்தில் சுண்டுவிரல் இறங்கிச் சேர்ந்துகொள்ளும். உடனே, "சாரி" என்று அவள் குரல் வரும். டப்பாவில் தயிர்ச் சோறு காய்ந்து கிடக்கும்.

"எந்த ஊருன்னு மெதுவா கேட்டுப் பாருங்கண்ணா" என்றேன் ஒருநாள்.

"வேண்டாமுங்க கண்ணு. நாம கேட்டா அவங்களும் கேப்பாங்க. அப்பறம் கூட்டம், ஏக்கரா, வயசுன்னு வரிசையா வந்துருமில்ல."

"வெளிநாட்டுல யாருங்கண்ணா கூட்டம் கேக்கறாங்க?"

சிரித்துக்கொண்டே சோற்று டப்பாவை மூடினார்.

பங்குனியில் அறிவிப்பு வந்தது. வரும் வெள்ளிக்கிழமையோடு தீவை மூடுகிறார்கள். அவளுடைய உண்மைப் பெயர்கூட மாஸ்டருக்குத் தெரியாது. ஏரி போனால் அவளும் போவாள். சின்னத்தாய் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். "யண்ணே, வெக்கத்தப் பாத்தா வேலைக்காகாது. போன் நம்பரக் கேட்டுப்புடுங்க. குடுத்தாக் குடுக்கா, குடுக்காட்டிப் போறா. பதினாலு வீட்ல கேசரி தின்ன ஆளுக்கு இது என்ன?"

நான்கு நாட்கள் ஒரே வாக்கியத்தைப் பழகினார். "மே ஐ ஹேவ் யுவர் ஃபோன் நம்பர், ப்ளீஸ்?" வியாழக்கிழமை, 'ப்ளீஸ்' என்னும்போதெல்லாம் இழை பறந்தது.

வெள்ளிக்கிழமை நூல் எடுக்கும் சாக்கில் நானும் குடோனில் இருந்தேன். ஒரு பக்க இயர்போனை அவரே நீட்டினார். ஒவ்வொருவரும் தாம் பழகிய ஒரு சொல்லைச் சொல்லி விடைபெற்றார்கள். உருவங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. திரையின் மூலையில் மூன்று நிமிடம் மிச்சமிருந்தபோது ரெயின், "ஒன் மினிட், ப்ளீஸ்" என்றாள். சுண்டுவிரல் மேலே போனது. இரண்டு நிமிடம். ஒன்றரை. கரையில் மழைக்கோட்டும் வெள்ளைச் சட்டையும் மட்டும். சுண்டுவிரல் இறங்கியது. "சாரி, சாரி" என்று மூச்சிரைக்க வந்தாள். மாஸ்டர் இழையை உதட்டுக்கு நேராகத் தூக்கினார். உதடுகளை இறுக மூடினார். இழை அசையாமல் தொங்கியது.

"யுவர் பேப்பர் இஸ் பெர்ஃபெக்ட் நவ்" என்றாள் அவள்.

"தேங்க் யூ" என்றார். சற்று விட்டு, "…ங்க."

ஏரி அணைந்தது. அந்த 'ங்க' அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. வாய் தவறி வந்தது என்றுதான் அன்று நினைத்தேன். "நேரமாச்சுங்க கண்ணு" என்று இழையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

ஆவணியில் ஒரு மெஷின் பாகத்தைக் கடைசல் பிடிக்க அவருடைய பைக்கில் பல்லடம் போனோம். திரும்பும்போது ஏதோ ஒரு சந்தில், ஒரு தறிக்கூடத்தின் முன்னால் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். வேலை இருப்பதாகத் தெரியவில்லை. சிமெண்டு ஜன்னல் வழியே இரைச்சல் வந்தது. நான் ஒரு வருடம் மழை என்று நினைத்துக்கொண்டிருந்த அதே இரைச்சல்.

"அண்ணா," என்றேன். "ரெயின்…"

"மொத நாளே தெரியுமுங்க கண்ணு. எங்கூட்லயும் நாலு தறி ஓடுனதுதானுங்களே, விக்கறவரைக்கும். அவங்களுக்கும் நாலுதானுங்க, ஓரத்துத் தறி ரொம்பப் பழசு. அது நின்னாத்தான் ஒன் மினிட்டு."

அவருடைய நான்கு விரல்கள் பெட்ரோல் டேங்கின் மேல் தட்டிக்கொண்டிருந்தன. உள்ளே ஒரு தறி நின்றது. சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு, அது மறுபடி ஓடும்வரை காத்திருந்தார்.