ஆடாதோடை எதில் கரையும்

எம்.எஸ்சி. கடைசி வருடம் எனக்கு வந்த புராஜெக்ட் ஆடாதோடை. இருமலுக்கு எல்லார் வீட்டிலும் கஷாயம் வைக்கிற அதே இலைதான். அதிலிருக்கும் கசப்பான ஆல்கலாய்டுகளை எந்தக் கரைப்பான் நன்றாக இழுத்துக்கொண்டு வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வேலி ஓரம் முழுக்க அது மண்டிக் கிடந்ததால் இலைக்குப் பஞ்சமில்லை. அம்மா நிழலில் காயவைத்து, மிக்சியில் அரைத்து டப்பாவில் போட்டுக் கொடுப்பார். நான் பஸ் ஏறிச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோவேன்.

லேபில் எனக்குக் கூட்டு ஒரு கடலூர்க்காரி. மாதா கோயில் தெருவில் வீடு, ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் பாடுகிறவள், லேபிலும் வாய் ஓயாது. முதலில் ஹெக்சேனில் ஊறப்போட்டோம். பெட்ரோல் மாதிரி வாடை. ஆனால் மறுநாள் வடிகட்டியதும் அப்படி ஒரு பச்சை இறங்கியிருந்தது. அவள் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “எல்லாம் இதுலயே வந்துடுச்சுடி, இனிமே நமக்கு வேலை இல்ல” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்தச் சாற்றில் ஒரு துளியைச் சிலிக்கா பூசிய தகட்டில் வைத்து, சோதனைத் திரவத்தைத் தெளித்தோம். ஆல்கலாய்டு இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. எங்கள் மேடம் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். ஹெக்சேன் எண்ணெய் மாதிரி, இலையின் மெழுகையும் கொழுப்பையும் பச்சையையும்தான் எடுக்கும், உங்களுக்கு வேண்டியதை அது திரும்பிக்கூடப் பார்க்காது என்றார். அந்த எண்ணெய்ப்பசை போனதும் நல்லதுதான் என்று, மிச்சப் பொடியை எத்தனாலில் ஊறவைக்கச் சொன்னார். அது பழுப்பாக, பார்க்கவே சகிக்காத நிறத்தில் வந்தது. தகட்டிலோ பளிச்சென்று ஆரஞ்சுப் புள்ளி.

எங்கள் லேபில் சாற்றைச் சுண்டவைக்கும் கருவி அந்தச் சமயம் ரிப்பேர். கடலூரில் வேறொரு கல்லூரியில் அனுமதி வாங்கிக் கொடுத்தார் மேடம். பாட்டிலைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் மூடி கழன்றுவிட்டது. பை நனைந்து, என் பர்தா நனைந்து, பஸ் முழுக்கச் சாராய வாடை.

முதலில் எல்லாரும் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவரைத்தான் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு தலையாக எங்கள் பக்கம் திரும்பியது. கண்டக்டர் வந்து நின்று, என் பர்தாவையும் பையையும் மாறிமாறிப் பார்த்து, பாண்டிச் சரக்கா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கூட்டுக்காரி எழுந்து நின்று, ஹெக்சேன் தொடங்கி ஆரஞ்சுப் புள்ளி வரைக்கும் பஸ்ஸுக்கே பாடம் எடுத்துவிட்டாள். திருப்பாதிரிப்புலியூர் வரும்போது, மூட்டு வலிக்கு எந்த இலை நல்லது என்று அவளிடம் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாட்டிலில் மிஞ்சியதைக் கூட்டுக்காரி அந்தக் கல்லூரிக்கு எடுத்துப்போனாள். பஸ் ஸ்டாண்டுக்கு என்னைக் கூட்டிப்போக வந்திருந்த அத்தாவுக்கு வண்டியில் உட்கார்ந்ததுமே வாடை தெரிந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பல வருடம் சவூதியில் லாரி ஓட்டிய மனுஷர். அந்தத் தூசியில் வந்த இருமல் குளிர்காலம் வந்தால் இன்னும் அவரைப் பிடித்துக்கொள்ளும். மகள் இருமல் மருந்தில் ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்று பள்ளிவாசலில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். நெல்லிக்குப்பம் தாண்டியதும் வண்டியை மெதுவாக்கிக் கேட்டார்:

“ஏம்மா, சாராயம் இல்லாம அந்தச் சத்து வரவே வராதா?”

லேபில் செய்ததை யாருமே குடிக்கக் கூடாது அத்தா என்றுதான் முதலில் சொன்னேன். ஆனால் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. மறுநாள் மேடத்திடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதையும் செய்து பார், தண்ணீரில் ஒன்று, எலுமிச்சைப் புளிப்பு கலந்த தண்ணீரில் ஒன்று என்றார்.

வெறும் தண்ணீர் கொழகொழவென்று பிசினையும் சர்க்கரையையும் சேர்த்து அள்ளி வந்தது. புள்ளி மங்கல். வெளியில் மறந்து வைத்தது பூஞ்சை பிடித்து நாறியது. புளிப்புத் தண்ணீர் எங்களை அசத்திவிட்டது. ஆரஞ்சுப் புள்ளி கிட்டத்தட்ட எத்தனால் அளவுக்கே அழுத்தமாக விழுந்தது. ஆல்கலாய்டு காரத்தன்மை உள்ளது, புளிப்போடு சேர்ந்தால் உப்பாகிவிடும், உப்பு தண்ணீரில் கரையாமல் என்ன செய்யும் என்று மேடம் விளக்கினார். புத்தகத்தில் படித்த விஷயம்தான். கண்ணால் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அன்று சாயங்காலமே ஹாஸ்டலிலிருந்து அத்தாவுக்குப் போன் போட்டேன். அவர் சந்தோஷத்தில், அப்படியென்றால் மஞ்சளுக்கும் எலுமிச்சம்பழம் பிழிந்தால் போதுமா என்றார். அதையும் செய்து பார்த்தோம். மஞ்சள் மசியவேயில்லை. புளிப்புத் தண்ணீரில் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, எத்தனாலை ஊற்றிய நிமிடமே தகதகவென்று கரைந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை வேண்டியிருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒன்றே சரிவராது என்று சொன்னபோது, “உங்கம்மாவும் நானும் மாதிரின்னு சொல்லு” என்றார். பக்கத்தில் அம்மா ஏதோ முணுமுணுத்தது கேட்டது.

வைவா அன்று அத்தா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், புளிப்புத் தண்ணீர் யோசனை எப்படி வந்தது என்று கேட்டார். சாராயம் இல்லாமல் வராதா என்று எங்க அத்தா கேட்டார் என்றேன். தேர்வாளர் திரும்பிப் பார்த்ததும், அத்தா வகுப்பில் கூப்பிட்ட பையன் மாதிரி விறைப்பாக எழுந்து நின்றுவிட்டார். அறையே சிரித்தது. தேர்வாளர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, நல்ல கேள்வி கேட்டீங்க என்றார்.

முடிந்ததும் கூட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு கீழவீதிப் பக்கம் ஒரு ஓட்டலில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம். அத்தா மூன்றாவது தடவை கொத்சு கேட்டு வாங்கிக்கொண்டு, இந்தக் கத்திரிக்காயில் என்னம்மா கரைந்திருக்கிறது என்று அவளிடம் விசாரிக்க, அவளும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.