பொம்மைக்குக் கட்டிய படங்கு

குவைத்திலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பொம்மை எங்கள் டயகம தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு எட்டு வயது. பொன்னிறத் தலைமுடி, கையில்லாத கவுன், படுக்கவைத்தால் மூடிக்கொள்ளும் கண்கள். லயத்து வீடுகளின் பிள்ளைகள் எல்லாம் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள். எனக்குத்தான் அதோடு ஒட்டவே இல்லை. எங்கள் குளிருக்கு அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு யார் இருப்பார்கள்?

அம்மா வீட்டு வேலைக்கென்று அங்கே போய் இரண்டு வருடமாகியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில், என்னைப் பார்த்துக்கொண்ட அத்தையின் போனில் குரல் வரும். குரல் வந்ததே தவிர, முகம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டிருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவின் காதுக்குப் போய்விடும் என்று பயம். மறக்காமல் இருந்தது ஒன்றுதான். சேலை நனையாதபடி இடுப்பில் தடித்த படங்கைச் சுற்றி, தலையில் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலையேறும் அம்மா. பொம்மையை அப்படி ஆக்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

அப்பாவின் கிழிந்த சாரத்தில் சேலை தயாரானது. என் பழைய யூனிபோமில் தலைத்துணி. சாக்குத் துண்டைச் சுருட்டித் தைத்தால் கூடை. நூல், மாப் பையின் வாயிலிருந்து உருவியது. ஊசி அத்தையுடையது, கேட்காமல் எடுத்தது. படங்குக்கு மட்டும் எந்தத் துணியும் சரிப்படவில்லை. அம்மாவின் படங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, கொழுந்துக் கறை ஏறி விறைத்துப்போய். அதில் ஒரு மூலையை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டினேன்.

ஊசியைத் தேடி வந்த அத்தை என்னைக் கையும் களவுமாகப் பிடித்தாள்.

“வெட்டுறதுக்கு வேற துணியே கெடைக்கலையா ஒனக்கு? உங்கம்மா வந்தா எதக் கட்டிக்கிட்டு மலைக்குப் போவா?”

முதுகில் ஒன்று விழுந்தது. வலித்தது என்னவோ உண்மை. ஆனால் அம்மா வரப்போவதைப் பற்றி அத்தை அவ்வளவு நிச்சயமாகப் பேசியது எனக்கு இனித்தது.

அடுத்த மாதம் அம்மா விடுமுறையில் வந்தாள். முகத்தைப் பார்த்ததும், இதையா மறக்கப் பார்த்தேன் என்றிருந்தது. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பொம்மையைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். அம்மா கூடையைத் தொட்டாள், படங்கைத் தொட்டாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

“யாரு புள்ள இது?”

‘நீதாம்மா’ என்று சொல்ல எத்தனையோ நாள் காத்திருந்தவள் நான். அந்த நேரம் பார்த்து வெட்கம் வந்து வாயை அடைத்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு கால் விரலால் தரையைக் கீறினேன். அம்மா அதிலிருந்து வேறு பதிலை எடுத்துக்கொண்டாள்.

“ஒன் தலையில கொழுந்துக் கூடை ஏறக் கூடாதுன்னுதானே நான் அங்க போயிக் கெடக்குறேன்.”

என் தலை இதில் எங்கே வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா ஊசியை வாங்கி, கூடைக் கயிற்றின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிறகு படங்கையும் பிரித்தாள். பொம்மைக்குப் பழைய கவுனை மாட்டி, தலையைச் சீவி என் கையில் கொடுத்தாள். நல்லாப் படிக்கணும் என்றாள். நான் தலையாட்டினேன். தையல் கோணலாக இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கு ஒரே துக்கம்.

ஒரு மாதம் இருந்துவிட்டு அம்மா மறுபடியும் குவைத்துக்குப் புறப்பட்டாள். பஸ் போன அன்று சாயங்காலமே நான் பொம்மையோடு உட்கார்ந்துவிட்டேன். அடுத்த முறை வரும்போது அவள் மெச்சவேண்டும். நூலை இரட்டையாகக் கோத்து, யாராலும் பிரிக்க முடியாதபடி, கூடையை அதன் தலையோடு சேர்த்து இறுக்கித் தைத்தேன்.