தலை, கால், குடல்: காத்திருந்தவர்கள் சொன்னவை

கறி வாங்கியவர் ஐந்து நிமிடத்தில் பையோடு போய்விடுவார். தலையோ காலோ குடலோ வாங்கியவர் முக்கால் மணி நேரம் என் எதிரே நின்றுதான் ஆகவேண்டும்.

அருப்புக்கோட்டையில் ஒரு கறிக்கடையின் பக்கவாட்டில், தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, ஆட்டுத் தலையையும் காலையும் தீயில் வாட்டி, முடியைச் சுரண்டி, குடலை அலசிக் கொடுப்பது என் வேலை. நூல் மில்லை மூடியபிறகு கிடைத்த வேலை. மீன் அறுக்கிறவர்கள், கோழி உரிக்கிறவர்கள், கை வாடையோடு பஸ் ஏறியதும் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துபோவதைப் பார்த்தவர்கள், நீங்கள் எல்லாம் என் கட்சி. உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

முதல் குடல்

வேலைக்குச் சேர்ந்த அன்று கடைக்காரர் காசிம் பாய் ஒரு குடலை வாளியில் போட்டு என் முன்னால் வைத்தார். குச்சியை விட்டு உள்பக்கத்தை வெளியே திருப்பியதும் வந்த வாடையில் எனக்குத் தலை சுற்றியது. ஓடிப்போய்ச் சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தேன். இந்த வேலையும் போச்சு, வீட்டில் ரெண்டு பிள்ளைகள் இருக்கே என்று அழுகையும் வந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினால், குடல் வாங்கிய பரளச்சி ஊர்க்கார அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் மணையில் உட்கார்ந்திருக்கிறார். பாதிக் குடலை அலசியும் முடித்துவிட்டார். “குடுங்கம்மா, பாய் பாத்தா ஏசுவாக” என்றேன். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாரே தவிர எழுந்துபோகவில்லை. மிச்சத்தை ரெண்டு பேரும் சேர்ந்து கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்தோம். பையை வாங்கிக்கொண்டு போகும்போது சொன்னார்: “மூத்தவனுக்குப் பீத்துணி அலசுறப்ப எனக்கும் இப்பிடித்தான் கொமட்டுச்சு. இப்ப அவன் சம்பாத்தியத்துலதானத்தா கொடல் வாங்கித் திங்கிறேன்.”

ஆட்டுக்கு ஒரு சுவரொட்டி

மண்ணீரலை எங்கள் பக்கம் சுவரொட்டி என்போம். ஒரு ஆட்டில் ஒன்றுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முதல் சுவரொட்டி, ரிட்டயர்டான பஸ் டிரைவர் ஒருவருக்கு என்பது எங்கள் கடையில் எழுதாத சட்டம். எடுத்து வைக்க மறந்தால் என்னையும் பாயையும் சேர்த்து ஏசுவார்.

அபூர்வமாக மழை பெய்த ஒரு ஞாயிறு. பாய் ஒரே ஆடுதான் அறுத்தார். டிரைவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நிற்கும்போது, விசைத்தறி ஓட்டுகிற சீனிவாசன் நனைந்துபோய் வந்தார். மனைவி ஏழு மாதம். ரத்தம் ரொம்பக் குறைவு என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார்; சுவரொட்டியும் கொடுங்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். போனில் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சமாதானம் சொன்னவர், என் பக்கம் திரும்பி, “ஒண்ணுகூடவா இல்லக்கா?” என்றார். நான் டிரைவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தேன். டிரைவர் தன் பொட்டலத்தை எடுத்து அவர் பையில் போட்டார். போட்டுவிட்டு வழக்கம்போல ஏசினார்: “மொளகு தட்டிப்போட்டு வதக்கச் சொல்லு. மாத்திரைய நிப்பாட்டுனா வீட்டுக்கே வந்து கேப்பேன்!”

அப்புறம் எல்லா ஞாயிறும் முதல் சுவரொட்டி தறிக்காரர் வீட்டுக்குத்தான். டிரைவர் ஈரலை வாங்கிக்கொண்டு, ஈரல் சரியில்லை என்று ஏசிவிட்டுப் போவார். கடைசியில் ஒருநாள் சீனிவாசன் மிட்டாய் டப்பாக்களோடு வந்தார். “பொண்ணுக்கா. தாயும் புள்ளையும் நல்லாருக்காக. சின்ன டப்பா ஒங்களுக்கு, பெரிசு அந்தக் கோவக்கார ஐயாவுக்கு.”

மாறிப்போன தலை

திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அருள்ராஜ் என்பவர், கிறிஸ்துமஸ் அன்று காலையில், வீட்டில் வளர்த்து அறுத்த கிடாயின் தலையைக் கொண்டுவந்தார். வாட்டிக் கொடுத்தேன். அவர் போய் ஒரு மணி நேரம் கழித்து, கடையில் விற்க வைத்திருந்த தலையைத் தூக்கினால், இடது காதில் ஒரு வெட்டு. அது அவர் கிடாயின் அடையாளம். வாட்டிய பிறகு எல்லாத் தலையும் ஒரே கறுப்பு. மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் காத்திருந்த நேரம் முழுக்க அந்த மனுஷர், தாய் ஆடு செத்துப்போன அந்தக் கிடாய்க்குப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்த கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பாயிடம் சொல்லிவிட்டு, தலையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். விசாரித்துப் போய்ச் சேர்ந்தால், குழம்பு வைத்து இலையும் போட்டாகிவிட்டது. வாசலில் நின்று நடந்ததைச் சொல்லி, பையிலிருந்த தலையை எடுத்து நீட்டினேன். அருள்ராஜ் இலையைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா ஒரே சிரிப்பு. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, எனக்கும் ஒரு இலை போட்டுக்கொண்டே சொன்னார்: “அதான பாத்தேன்! இவுக வளத்த கிடாய்க்கு இம்புட்டு ருசி ஏதுன்னு!”

கணக்குக்கு மூளை

பரீட்சை நெருங்கினால் மூளைக்குக் கிராக்கி. பந்தல்குடியிலிருந்து ஒருவர் பத்தாவது படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை கணக்கில் ஃபெயில். நான் தலையைப் பிளந்து, மூளையைச் சிதையாமல் எடுத்து வாழை இலைத் துண்டில் வைத்தேன். அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்பாவிடம் கேட்டாள்: “ஏப்பா, இந்த மூளைய வச்சிருந்த ஆடே இங்க வந்து மாட்டிக்கிருச்சு. எனக்கு மட்டும் என்னத்தச் செஞ்சிரப்போகுது?”

கால் சூப்பு

போன வருஷம் கடை வாசல் ஈரத்தில் வழுக்கி விழுந்ததில் என் கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு ரெண்டு மாதம் படுக்கை. அதற்குள் வேறு ஆள் வந்து உட்கார்ந்துவிடும் என்ற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது. மூன்றாம் நாள் காசிம் பாய் வந்தார். “ஆளெல்லாம் போடலம்மா. நீ வர்ற வரைக்கும் அவுகவுக வீட்லயே வாட்டிக்கிறட்டும்னு சொல்லிட்டேன்” என்றார். அவர் போனபிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

அதற்கப்புறம் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். எலும்பு சேர ஆட்டுக்கால் சூப்புதான் என்று எல்லோரும் பேசி வைத்ததுபோல ஒரே முடிவு. ஒருநாள் தூக்குவாளி, மறுநாள் பிளாஸ்க். எத்தனையோ ஆயிரம் கால்களை வாட்டியவள் நான், ஒரு டம்ளர் சூப்பு உட்கார்ந்து குடித்தது கிடையாது. அந்த வாடையிலேயே இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் ரசம்தான் இறங்கும். காரியாபட்டியில் தையல்கடை வைத்திருக்கும் மரகதம், அவ்வளவு தூரம் பஸ்ஸில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மூடியைத் திறக்கப்போனவள் தயங்கினாள். “முடி கிடந்தா கோவிச்சுக்கிறாதீகக்கா. நீங்க இல்லாம நாங்களே வாட்டுனது.”

கிடந்தது, மூன்று முடி. எடுத்துப் போட்டுவிட்டு அடிமண்டிவரை குடித்தவளுக்கு, இந்தத் தொழிலைக் குறை சொல்ல இனி வாய் ஏது?