கிடாவின் சம்மதம்

காலை ஐந்தே முக்கால். முதலில் கண்ணில் பட்டது ஒரு கால்தடம்.

மலாயாவில், தங்காக்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தேன். காலைப் பெரட்டுக்கு ஆள் எண்ணப் போகும் வழியில், தொழிலாளர் குடியிருப்பின் கடைசி லயத்து ஆட்டுக்கொட்டிலை ஒட்டி, ஈர மண்ணில் அது பதிந்திருந்தது. உள்ளங்கையை மேலே வைத்துப் பார்த்தேன். முழுவதும் உள்ளே அடங்கியது.

லயத்தில் புலியைப் பேர் சொல்ல மாட்டார்கள். 'பெரியவர்' வந்து போயிருக்கிறார் என்றார்கள். கொட்டிலில் இருந்தது ஒரே கிடா. பால்மரம் வெட்டும் ஒரு பெண், ஆடித் திருவிழாவில் முனியாண்டிக்கு என்று நேர்ந்து, குட்டியிலிருந்து கஞ்சி ஊற்றி வளர்த்தது. ஆடிக்கு இன்னும் நாள் இருந்தது.

பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், சுத்த சைவம். பலி பாவம் என்று முனியாண்டி கோயில் பக்கமே வராதவர். கிடாவைக் காட்டோரம் கட்டிவைத்தால், தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மரத்தின் மேலிருந்து புலியைச் சுட்டுவிடலாம் என்றார். அதில் அவருக்குப் பாவம் தெரியவில்லை. கங்காணியைப் பொறுத்தவரை, முனியாண்டி பெரியவரை அனுப்பிக் கேட்டுவிட்டார். இன்றே வெட்டிவிட வேண்டும். அவள் புருஷனும் இன்றே என்றான். மசாலா அரைக்க அம்மிக்கல்லை அதற்குள் கழுவி வைத்திருந்தான்.

அவள் கயிற்றை விடவில்லை.

"ஆடின்னு சொன்னேன், ஆடியிலதான் குடுப்பேன். முந்திக் குடுன்னு சாமி எங்கிட்ட கேக்கல, அண்ணே."

"அப்ப சாமியையே கேட்டுருவோம்," என்றார் கங்காணி.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு. மாலை போட்டு, முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்தால் சாமிக்குச் சம்மதம். சிலிர்க்காவிட்டால் வெட்டக் கூடாது.

வேலை முடிந்த பிறகு கோயிலடியில் கூடினோம். பெரிய கிராணி தள்ளி ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார். தண்ணீரைத் தெளித்தார்கள். கிடா சும்மா நின்றது. ஒரு சொம்பு நிறைய ஊற்றினார்கள். அசைபோட்டது. காதுக்குள் விட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டது.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, கிணற்றிலிருந்து புதிதாக இறைத்து வரலாம் என்றான் புருஷன். சுருட்டு வைக்க மறந்ததில் முனியாண்டிக்குக் கோபம் என்றார் கங்காணி. மரத்தடியிலிருந்து, "உதுக்குக் காய்ச்சல் போல கிடக்கு," என்றார் பெரிய கிராணி.

 அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். கிடா மாலையைத் தின்றுகொண்டே பின்னால் போனது. லயம் வரை கூட நடந்தேன். இப்படி நின்றதே, எப்படி என்று கேட்டேன்.

"தெனமும் வேல விட்டு வந்து குளிப்பாட்டுறேங்கய்யா. அதுக்குத் தண்ணின்னா சுகம்."

"கங்காணிக்குத் தெரியுமா?"

"அவரு கேக்கலியே."

அன்றிலிருந்து கிடா வீட்டுக்குள் படுத்தது. இடம் போதாமல் புருஷன் கதவுக்கு வெளியே படுத்தான்.

ஆடியில் சொன்னபடி அவளே கிடாவை ஓட்டி வந்து கோயிலில் நிறுத்தினாள். மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். சிலிர்க்கவில்லை.