இரண்டு பேர் கேட்டுப் பார்த்து வாங்கிய வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை குத்தம்பாக்கத்தில் ஒரு கிரகப்பிரவேசம். மொபைலில் டாக்ஸி கூப்பிட்டால் கரண்ட்டில் ஓடுகிற கார் ஒன்று வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தோம். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கிளம்பலாமேப்பா" என்றேன். "ஓடிக்கினுதாம்மா கீது" என்றார். வெளியே எங்கள் தெரு இஸ்திரிக் கடை பின்னால் நகர்வதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் காதிலிருந்த மெஷினை விரலால் ஒரு தட்டு தட்டினார். பாவம், அதுதான் நின்றுபோய்விட்டது என்று நினைத்துவிட்டார்.

சத்தமில்லாத வண்டி நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? எனக்கென்னவோ ஜன்னலை இறக்கி ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கத்தான் தோன்றியது. போதாததற்கு அந்த டிரைவர் முன்னால் எலுமிச்சை வாசனை டப்பி ஒன்றை வைத்திருந்தார். எங்கள் பழைய வெள்ளைக் காரிலும் இதே வாசனைதான் அடிக்கும்.

அப்போது மேனாம்பேட்டில் குடியிருந்தோம். இவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டுகிற வேலை. தகட்டை வைத்தால் மேலிருந்து இடி மாதிரி இறங்கும். எனக்கு முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்து நூலகத்தில் வேலை. அவருடைய ஷெட்டில் கத்தினால்தான் பேச்சு. என் இடத்தில் கிசுகிசுத்தாலே முறைப்பார்கள். முறைக்கிற ஆளே நான்தான் என்பது வேறு விஷயம். எங்கள் இரண்டு பேருக்கும்தான் பத்துப் பொருத்தமும் பார்த்துக் கல்யாணம் பண்ணிவைத்தார்கள்.

மழைக்காலத்தில் பையனை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு பைக்கில் போவது பெரிய பாடாக இருந்தது. பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம் என்று பூந்தமல்லிக்குப் போனோம். அங்கே ஒரு பாய் பழைய வண்டிகளை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். இஞ்சினைக் கேட்டுப் பார்க்க இவர் தன்னோடு தாஸையும் கூட்டி வந்தார். தாஸ் ஷெட்டில் இவருக்குப் பக்கத்து மெஷினில் நிற்கிறவர். "நைட்டும் பகலும் மெஷினோட கெடக்கறவங்க நாங்க, எங்கள ஏமாத்த முடியுமா?" என்று தாஸ் சொன்னபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பாய் பானெட்டைத் திறந்து வண்டியை ஸ்டார்ட் செய்தார். மூன்று பேரும் உள்ளே குனிந்தார்கள். நான் பையனோடு தள்ளி நின்றிருந்தேன். குனிந்தபடியே பாய் ஏதோ சொன்னார். இவர் தலையாட்டினார், தாஸும் தலையாட்டினார். இஞ்சின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு இவர் நிமிர்ந்தார். "வெண்ண மாதிரி கீதுமா" என்றார். "ஆமா மச்சான், வெண்ணையேதான்" என்றார் தாஸ். வாங்கிவிட்டோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பைபாஸில் ஒரு சுற்றுப் போனோம். லேசாகத் தூறல் விழுந்தது. பையன் பின் சீட்டில் தூங்கிவிட்டான். சொந்தக் காரில் முன்னால் உட்கார்ந்து போகிறேன், கண்ணாடியில் மழை வழிகிறது, பக்கத்தில் இவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கம்பீரமாக ஓட்டுகிறார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் வாயைத் திறந்து சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். "உங்களக் கட்டிக்கினது நல்லதாப் போச்சுங்க." சொல்லி முடிப்பதற்குள் முகமெல்லாம் சூடாகிவிட்டது.

ரோட்டைப் பார்த்தபடியே இவர் சொன்னார், "ஏசி போட்டா இழுவ கம்மியாவுதுமா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீடு வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். சட்டென்று நினைத்துப் பார்த்தால், கொஞ்ச காலமாகவே இவர் இப்படித்தான். சமையலறையிலிருந்து ஏதாவது கேட்டால் பதில் இருக்காது. இருந்தால் "பாத்துக்கலாம்" என்பார், அல்லது "கேட்டுச்சு கேட்டுச்சு" என்பார். ஆனால் சொன்ன வேலை நடக்காது. இவர் மனசு என்னைவிட்டுப் போய்விட்டதோ என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயந்தேன். காரெல்லாம் அப்புறம். எனக்கு இந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

இதற்கு நடுவில்தான் வண்டியில் ஒரு சத்தம் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. டிக் டிக் டிக்கென்று, பக்கத்து வீட்டில் யாரோ தையல் மெஷின் ஓட்டுகிற மாதிரி மெல்லிய சத்தம். இவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"இன்னா சவுண்டு?" என்றார்.

"டிக் டிக்னு வருதுங்க."

"அதெல்லாம் ஒண்ணியும் இல்லமா. உனக்கு இன்னா தெரியும் மெஷினப் பத்தி?"

வாஸ்தவம்தானே. எனக்கு என்ன தெரியும்? தாஸிடமும் கேட்டேன். வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, "சூப்பரா ஓடுது தங்கச்சி" என்றார். மெஷினோடு வாழ்கிற இரண்டு பேர் இல்லை என்கிறார்கள், புத்தகத்தோடு இருக்கிற நான் மட்டும் இருக்கிறது என்கிறேன். யாரை நம்புவது? இஞ்சின் நின்ற பிறகும் அந்த டிக் டிக் என் தலைக்குள் ஓடியது. கடைசியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரிக்காதீர்கள். என் காதைக் காட்ட டாக்டரிடம் போனேன்.

டாக்டர் இரண்டு காதிலும் டார்ச் அடித்துப் பார்த்தார், பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டுப் பரிசோதனை செய்தார். "உங்களுக்குக் காது ரொம்ப நல்லா இருக்கும்மா. வீட்ல வேற யாருக்காவது பாக்கணுமா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், மத்தவங்கல்லாம் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம். திருமழிசையில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். தையல் மெஷின் சத்தம் போய் உரலில் இடிக்கிற சத்தம் வந்துவிட்டது. "நிறுத்துங்க" என்றேன். இவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். "ஏங்க, நிறுத்துங்க!" என்று திரும்பவும் சொன்னேன். ஸ்டியரிங் அதிர்ந்து கை உதறிய பிறகுதான் முகம் மாறியது. ஓரம் கட்டுவதற்குள் வண்டி தானாகவே ஒரு முனகலோடு நின்றுவிட்டது. கருகின எண்ணெய் நாற்றம் குப்பென்று வந்தது. எலுமிச்சையும் அதுவும் சேர்ந்த வாசனையை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஆயில் மேல ஏறவே இல்ல சார். இஞ்சின் புடிச்சிகிச்சு. ரொம்ப நாளா சவுண்டு குடுத்துகினு இருந்திருக்குமே. செவுடனுக்குக்கூட கேக்குமே சார் அது?"

இவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுகூட உறைக்கவில்லை, பாருங்கள் என் புத்தியை.

நேராகப் பூந்தமல்லிக்குப் போனோம். பாயைச் சும்மா விடக் கூடாது என்று நான்தான் முன்னால் போனேன். நான் கத்தி முடிக்கிறவரைக்கும் அவர் பொறுமையாக இருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்கே சொன்னேனேம்மா. பானெட்டத் தொறந்து வச்சிகினு சொன்னேன், மேல சவுண்டு வருது, ஒருதபா இஞ்சின எறக்கிப் பாத்துடுங்கன்னு. அதுக்குத்தானே ரேட்டையும் கொறச்சேன்? சாரும் அந்த இன்னொரு சாரும் கேட்டுச்சு கேட்டுச்சுன்னு தலையாட்டினாங்களே."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலில் நிறுத்தியிருந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். பாய் பேசியது எதுவுமே நடக்காத மாதிரி நின்றிருந்தார்.

"ஏங்க" என்று கூப்பிட்டேன், வழக்கமாகக் கூப்பிடுகிற குரலில்.

திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். பாய் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "உக்காருங்கம்மா, டீ சொல்றேன்" என்றார். அத்தனை கோபத்தையும் கையில் வைத்துக்கொண்டு யார்மேல் கொட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்தேன். கிட்டே வந்த பிறகு என் முகத்தைப் பார்த்தே, எனக்குத் தெரிந்துவிட்டது என்று இவருக்குப் புரிந்துவிட்டது. டீயை இவர் குடிக்கவே இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது என் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னார், "கம்பெனில யாருக்கும் சொல்லிடாதமா. தெரிஞ்சா மெஷின்ல நிக்க உடமாட்டானுங்க." சரி என்றேன். அப்போது இவர் பார்த்துக்கொண்டிருந்தது என் கண்ணை இல்லை, உதட்டை. எத்தனை நாளாக இப்படி உதட்டைப் பார்த்துச் சமாளித்துக்கொண்டிருந்தாரோ, எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிரெதிரே நின்று கத்திப் பேசுகிற ஷெட்டில் யார் காது போனது என்று யாருக்குத் தெரியும்? தாஸுக்கும் அதே கதிதான் என்று பிறகு தெரிந்தபோது சேர்ந்து சிரித்தோம்.

காரைப் பாயே எடுத்துக்கொண்டார். கதவு ஒருவருக்கு, சீட்டு ஒருவருக்கு என்று துண்டு துண்டாகப் போயிற்று.

அதற்கப்புறம் எனக்கு வேறொரு குழப்பம் பிடித்துக்கொண்டது. பதில் வராமல் போனதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். எது காதில் விழவில்லை, எது விழுந்தும் சும்மா இருந்தார்? என் அம்மாவை அழைத்துவரச் சொன்னது நிச்சயம் கேட்டிருக்கும். கேஸ் புக் பண்ணச் சொன்னது கேட்டிருக்காது. பைபாஸில் சொன்னது? கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டுச்சு என்றால் ஏன் ஏசியைப் பற்றிப் பேசினார்? கேட்கவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இரண்டுமே என்னால் முடியாது என்று விட்டுவிட்டேன்.

வருஷக்கணக்காகத் தோளைத் தொட்டுத்தான் இவரிடம் பேசினேன். தொடுவேன், திரும்புவார், சொல்வேன். வேலையை விட்ட பிறகுதான் காது மெஷின் போட ஒத்துக்கொண்டார். இப்போது சமையலறையிலிருந்து முணுமுணுத்தால்கூட "இன்னா சொன்ன?" என்று வந்து நிற்கிறார். தோளைத் தொட்டு எத்தனையோ நாளாகிறது. இவர் வேலை பார்த்த ஷெட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் நடந்தால் காலுக்கடியில் ஓர் அதிர்வு இருக்கும், அதுவும் இல்லை.

டாக்ஸி திருமழிசையைத் தாண்டியது. எங்கள் வண்டி நின்ற இடம் இங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும், இத்தனை கட்டடத்துக்கு நடுவில் எதுவென்று பிடிபடவில்லை. எனக்கு மறுபடியும் என்ன வந்ததோ.

"ஏங்க, அந்த வெள்ளக் கார்ல மொத தபா பைபாஸ்ல போனோமே. அப்ப நான் ஒண்ணு சொன்னேன். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார், யோசிக்காமல்.

"என்ன சொன்னேன்?"

இவர் ரோட்டின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது சிவந்திருந்ததா, வெயில் பட்டதா என்று சொல்லத் தெரியவில்லை.

"வண்டி சத்தமே இல்லாம போவுது பாரேன்" என்றார்.

நானும் ரோட்டைப் பார்த்தேன். இவர் காதில் மெஷின் இருக்கிறது. வண்டியில் இஞ்சினே இல்லை. பழியைத் தூக்கிப் போட எனக்கு இப்போது ஒரு சத்தம்கூட மிச்சமில்லை.