முன்சில்லு வரேல்லை

விமானம் ஓட்டத் தெரிந்த அத்தான் வாய்த்தது என் தலைவிதி. கனடாவிலிருந்து என் அக்காவோடு விடுமுறைக்கு வந்த மனிதர், எல்லாரையும்போல வாடகை வான் பிடித்து வராமல், கொழும்பில் ஒரு சிநேகிதனின் குட்டி விமானத்தை இரவல் வாங்கிக்கொண்டு வவுனியாவில் வந்து இறங்கினார்.

"வா மச்சான், ஜெயபுரத்தில உன்ர வயலை மேலயிருந்து காட்டுறன்."

வரம்பில் நின்று பார்த்ததே எனக்குப் போதும். ஆனாலும் அக்காவுக்கு முன்னால் பயமென்று சொல்ல ஏலுமா? ஏறினேன். வயல் வடிவாகத்தான் தெரிந்தது. பக்கத்து வயல்காரன் எங்கள் வரம்பை எவ்வளவு அரிந்து வைத்திருக்கிறான் என்பதும் தெரிந்தது.

திரும்பி வரும்போது அத்தான் சில்லுகளை, அதுதான் சக்கரங்களை, இறக்கும் பிடியைத் தள்ளினார். மூன்று பச்சை விளக்கு எரியவேண்டுமாம். இரண்டுதான் எரிந்தது. பிடியை இழுத்துத் திரும்பத் தள்ளினார், கையால் பம்ப் அடித்தார். ஒன்றும் சரிவரவில்லை.

"முன்சில்லு வரேல்லை."

"பின்னால ரெண்டு இருக்குத்தானே?" என்றேன், மோட்டார் சைக்கிள்காரனின் தெம்பில்.

"விமானத்தின்ர மூக்கு நிலத்தில குத்தினால் பிரண்டு போகும். நெருப்பும் பிடிக்கலாம்."

அதற்குப் பிறகு நான் எரியாத அந்த மூன்றாவது விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்தவர் தாழப் பறக்கச் சொன்னார், பார்த்துச் சொல்கிறாராம். பறந்தோம். விமானத்தள வேலியோரம் நின்ற அக்கா, புருசன் சாகசம் காட்டுகிறார் என்று நினைத்து இரண்டு கையையும் ஆட்டினா. சில்லு பாதிதான் வந்திருக்கிறது, மஞ்சளாக ஏதோ தொங்குகிறது என்றார் கோபுரத்துக்காரர்.

நெளுக்குளத்துக்கு மேலால் சுற்றிக்கொண்டிருக்கையில் என் போன் அடித்தது. அக்காதான். அத்தானுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"டேய், என்ன சுத்திச் சுத்தி நிக்கிறியள்? மனுசனை இறங்கச் சொல்லு, சோறு ஆறுது."

"முன்சில்லு சிக்கிப் போச்சக்கா. மஞ்சளா என்னவோ தொங்குதாம்."

அக்கா குரலைத் தாழ்த்தினா.

"அது தேசிக்காயடா. கண்ணூறு நாவூறு படாமல் நான்தான் முன்சில்லில கட்டினனான்."

"ஐயோ! வெளிக்கிட முன்னம் நான் எல்லாம் சுத்திப் பாத்தனானே!" அத்தான் கத்தினார்.

"நீங்கள் பாத்துப்போட்டுப் போன பிறகுதான் கட்டினனான்."

வெறும் எலுமிச்சம்பழம் என்றதும் அத்தானுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "சரி, நூல்தானே. நல்லாக் குலுக்கினால் அறும்."

"நூலில்லையப்பா." அந்த நேரத்திலும் அக்காவின் குரலில் ஒரு பெருமை. "நூல் அறுந்துபோம் எண்டு தங்கூசியால கட்டினனான்."

தங்கூசி என்றால் தூண்டில் நைலோன். முல்லைத்தீவுக் கடலில் பெரிய பாரைமீன் இழுத்தாலும் அறாது. அத்தான் விமானத்தைக் குலுக்கிய குலுக்கில் காலையில் சாப்பிட்ட இடியப்பம் என் தொண்டைக்கு வந்தது. தங்கூசி அறவில்லை.

"பெல்ட்டை இறுக்கு. கதவைக் கொஞ்சம் திறந்து வை," என்றார் அத்தான்.

"இறங்க முன்னமோ?"

"கதவு நெளிஞ்சால் பிறகு திறக்கேலாமல் போகும்."

அப்போதுதான் எனக்கு விஷயம் முழுதாக விளங்கியது. வற்றாப்பளை அம்மனைக் கூப்பிட்டேன். அவா ஒருத்தியால் முடியாது என்று பட்டதும் மடு மாதாவையும் கூப்பிட்டேன்.

பின்சில்லுகள் மெதுவாகத் தொட்டன. அத்தான் எஞ்சினை நிறுத்திவிட்டு மூக்கைத் தூக்கிப் பிடித்தார், பிடித்தார், பிடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அது சரிந்தது. தகரத்தைத் தாரில் இழுத்ததுபோல ஒரு சத்தம். அரைவட்டம் திரும்பி நின்றோம். நான் எப்படி வெளியே வந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

அத்தான் வரவில்லை. முன்னுக்குப் பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"இறங்குங்கோ அத்தான், எல்லாம் முடிஞ்சுது!"

"தெரியும் மச்சான். கை விடுதில்லை."

தீயணைப்புக்காரர் தடுக்கத் தடுக்க அக்கா வெறுங்காலோடு ஓடிவந்தா. இனித் திட்டித் தீர்க்கப் போகிறா என்றுதான் நினைத்தேன். இறக்கையில் ஏறிக் குனிந்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் கைக்குள் வைத்தா. அவர் அழத் தொடங்கினார்.

"விடுங்கோப்பா," என்றா அக்கா. "நான் பிடிச்சிருக்கிறன்."